மூலப்படியில் இல்லாத வரி

அன்பு நிறைந்த என் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். ‘இங்கு நலம்’ என்று தொடங்கிவிட்டு, அந்த இரண்டு சொற்களையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மெய்ப்புத் திருத்தும் அறையில் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பவளுக்குத் தன் கையெழுத்தில் ஒரு பிழையைக் கண்டால் அடிக்காமல் விட மனம் வருவதில்லை. அடித்துவிட்டேன். அந்த இடத்தில் வேறு எதை எழுதுவது என்றுதான் தெரியவில்லை. ஆகவே அடித்த கோட்டோடு அனுப்புகிறேன். நீயே பொருள் கொள்.

உன் மடல் வந்தது. நம் பொடிசு உன் வீட்டில் உண்கிறாள், உறங்குகிறாள், உன் கணவரின் மூக்குக்கண்ணாடியை ஒளித்துவைத்துவிட்டு அவரோடு சேர்ந்து தானும் தேடுகிறாள் என்று படித்து வாய்விட்டுச் சிரித்தேன். கன்னம் உப்பிவிட்டது என்றாயே, அந்த ஒரு வரியை மட்டும் மீண்டும் மீண்டும் படித்தேன். ஆனால் அதற்கு அடுத்த வரி நெஞ்சில் முள்ளாய்த் தைக்கிறது. அவள் உன்னை ‘அம்மா’ என்று கூப்பிடத் தொடங்கிவிட்டாள். நீயும் பேசாமல் இருந்துவிட்டாய். உடனே திருத்து. சித்தி என்றே அவள் கூப்பிட வேண்டும். அண்டை வீட்டார் யார் பிள்ளை என்று கேட்டால், அக்கா பிள்ளை, அக்கா உடம்பு தேறியதும் வந்து அழைத்துப் போய்விடுவாள் என்று உரக்கச் சொல். அவள் காதிலும் விழட்டும்.

உடம்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். உன்னிடம் ஒளிக்க நீ அயலாள் அல்ல. நாக்கில் வெள்ளை படிகிறது. துடைத்தால் போகிறது, மறுபடி படிகிறது. விழுங்கினால் தொண்டை எரிகிறது. பெண்ணுக்குப் பெண் மட்டுமே சொல்லிக்கொள்ளும் அந்தத் தொல்லையும் விட்டபாடில்லை. களிம்பு இருக்கும்வரை அடங்குகிறது, தீர்ந்ததும் தலைதூக்குகிறது. மாலையானால் காய்ச்சல். மோதிரம் விரலில் நிற்கவில்லை. நூல் சுற்றிப் போட்டிருக்கிறேன்.

இதே நாக்கையும் இதே காய்ச்சலையும் உன் அத்தானிடம் பார்த்தவள் நான். நுரையீரல் காய்ச்சலில் போனார் என்று ஊருக்குச் சொன்னோம். குருதியில் தொற்றும் அந்தப் புது நோய் என்பது மருத்துவருக்கும் எனக்கும் உனக்கும் மட்டுமே தெரியும். அச்சுப்பொறிகளைப் பழுது பார்க்க ஊர் ஊராகப் போனவர். ஒருமுறை கை நசுங்கியபோது எங்கோ குருதி ஏற்றினார்கள் என்றார். அதுதான் காரணமா, வேறு எதுவுமா? கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. சொல்ல அவருக்கு மூச்சு இல்லை. அந்தக் கேள்வியை அவரோடு சேர்த்து வழியனுப்பிவிட்டேன் என்று நினைத்தேன். இப்போது அது என் வாய்க்குள் வெள்ளையாய் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அவர் படுத்திருந்த மருத்துவமனைக்கே போனேன். வாசலில் காவலாளி, “யாருக்காகம்மா வந்திருக்கீங்க?” என்று கேட்டார். எனக்காக என்றேன். “சரிம்மா, வீட்டுக்காரர் பேரைச் சொல்லுங்க” என்றார். வீட்டுக்காரர் இறந்துவிட்டார் என்றேன். மனிதர் தலையைச் சொறிந்துகொண்டு, “அப்ப யாருக்காக வந்தீங்க?” என்று முதலிலிருந்து தொடங்கினார்!

அத்தானைப் பார்த்த மருத்துவர் என்னை அடையாளம் கண்டு எழுந்தே நின்றார். “உங்களை மாதிரி புருஷனைப் பார்த்துக்கிட்ட பொம்பளையை நான் பார்த்ததில்லைம்மா” என்று புகழ்ந்தார். நாக்கை நீட்டிக் காட்டினேன். அவர் பார்க்கவில்லை. “இது ஆம்பளைங்களுக்கு வர்றதும்மா. பொம்பளைங்கன்னா, அந்த மாதிரித் தொழில் பண்றவங்களுக்கு வரும். நீங்க குடும்பப் பொண்ணு. உங்களை நீங்களே ஏன் கேவலப்படுத்திக்கிறீங்க? எதிர்க் கட்டடத்துல பொம்பளை டாக்டர் இருக்காங்க, போய்க் காட்டுங்க” என்று கனிவாகச் சொன்னார். அந்தக் கனிவுதான் என்னைக் குழப்புகிறது. கடிந்து விரட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன்.

எதிர்க் கட்டடத்தில் பெண் மருத்துவர் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, “எத்தனாவது மாசம்?” என்றார். கருவுறவில்லை என்றேன். இமையைக் கீழிறக்கிப் பார்த்தார். “ரத்தம் கம்மி, கவலை ஜாஸ்தி. புருஷன் போன துக்கம் உடம்புல பேசுது. வேற ஒண்ணுமில்லை” என்றார். கணவர் எந்த நோயில் போனார் என்று மெல்லச் சொன்னேன். உடனே குரலைத் தாழ்த்தி, “அதெல்லாம் எதிர்க் கட்டடம்மா” என்றார். இப்படி இரண்டு கட்டடமும் என்னைப் பந்தாடுகின்றன. நடுவில் தேநீர் விற்கும் அம்மாளுக்கு என் முகம் பழகிவிட்டது. “என்னக்கா, இன்னைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?” என்று கேட்கிறாள். அந்த வளாகத்தில் என்னிடம் சரியான கேள்வி கேட்டவள் அவள் ஒருத்திதான்.

படித்தவர்கள் இருவர் இல்லை என்கிறார்கள். என் உடம்பு ஒன்று மட்டும் உண்டு என்கிறது. யார் சொல்வது மெய்? துக்கம் நாக்கில் வெள்ளையாகப் படியுமா? எனக்கே இந்தக் குழப்பம் என்றால், என் பாலைக் குடித்து வளர்ந்தவளைப் பற்றி நான் யாரிடம் கேட்பது? அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் அதை மென்று விழுங்குகிறேன். அவள் கன்னம் உப்பித்தானே இருக்கிறது? அடுத்த மடலில் மறக்காமல் மீண்டும் எழுது.

பொடிசுக்கு என் முத்தங்கள். சித்தி என்று சொல்லப் பழக்கு.

என்றும் உன் நலம் நாடும்,
அக்கா

⁂

என் உயிரனைய தங்கைக்கு,

அக்காவின் வாழ்த்து. மடல் தாமதமானதற்குப் பொறுத்துக்கொள். இங்கே ஒன்று நடந்துவிட்டது. நடத்தியவள் நானா, காய்ச்சலா என்பது எனக்கே விளங்கவில்லை. நேரில் சொன்னால் நீ நம்பமாட்டாய். எழுத்தில் சொல்கிறேன், எழுத்தை எல்லாரும் நம்புகிறார்கள் என்பதை இப்போது நன்றாய்க் கற்றுக்கொண்டேன்.

எங்கள் அறையில் வேலை எப்படி நடக்கும் என்று முதலில் சொல்ல வேண்டும். இருவர் எதிரெதிரே உட்காருவோம். எழுதியவர் கொடுத்த மூலப்படி என் கையில். அச்சுக் கோத்து எடுத்த மெய்ப்பு எதிரே இருக்கும் பெரியவர் கையில். நான் உரக்கப் படிப்பேன். நிறுத்தக் குறிகளையும் சொல்லிக்கொண்டே போவேன். அவர் தன் தாளில் விரலோட்டி வருவார். நான் படித்த வரி அவர் தாளில் இல்லையென்றால், அச்சுக் கோப்பவர் விட்டுவிட்டார் என்று பொருள். ஓரத்தில் எழுதிச் சேர்ப்பார். என் தாளை அவர் எட்டிப் பார்க்கமாட்டார். அது இந்த அறையின் மரபு. அவர் கண், என் நாக்கு. இரண்டும் ஒன்றையொன்று ஐயுறுவதில்லை. ஒவ்வொரு வரியின் முடிவிலும் நான் முற்றுப்புள்ளி என்று சொல்ல, அவர் தலையாட்டுவார். அதனால் அச்சகம் முழுவதும் அவருக்கு முற்றுப்புள்ளி என்றே பெயர். “வீட்டுல என் பொண்டாட்டி பேசும்போதுதான் நான் எங்கே வைக்கிறதுன்னு தெரியலை” என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் சொன்ன அறிவுரை ஒன்றே ஒன்று. “பொருளைக் கவனிக்காதேம்மா. கவனிச்சா கண்ணு தானாவே சரியா படிச்சிடும், தப்பு மாட்டாது. எழுத்தை மட்டும் படி.” அதன்படியே இத்தனை காலமும் படித்தேன். திருமண அழைப்பும் நீதிமன்ற அறிவிப்பும் எனக்கு ஒன்றுதான். எத்தனையோ நூல்கள் என் வாய்வழியே போயின. ஒன்றும் உள்ளே போகவில்லை.

சுகாதாரத் துறையிலிருந்து ஒரு சிறு நூல் அச்சுக்கு வந்தது. புது நோயைப் பற்றியது. ‘ஆண்களே!’ என்றுதான் தொடங்கியது. ஆண்களே, விழித்துக்கொள்ளுங்கள். ஆண்களே, தீய பெண்களை நாடாதீர்கள். ஆண்களே, உங்களை நம்பி ஒரு குடும்பம் இருக்கிறது. அன்று எனக்குக் காய்ச்சல் அதிகம். எழுத்துகள் தாளைவிட்டு எழுந்து எழுந்து உட்கார்ந்தன. எழுத்தை மட்டும் படிக்கப் பழகிய எனக்கு அன்று முதன்முறையாகப் பொருள் கேட்டது. பக்கத்துக்குப் பக்கம் என்னைத் தேடினேன். தீய பெண்ணாக இல்லாத ஒரு பெண், அந்த நூல் முழுவதிலும், ஒரே ஓர் இடத்தில் வந்தாள். ‘நோயுற்ற கணவனை மனைவி அன்போடு பேண வேண்டும், முற்றுப்புள்ளி’ என்று படித்தேன். பெரியவர் தலையாட்டினார். நான் நிறுத்தவில்லை. ‘இந்நோய் மனைவிக்கும் வரும், முற்றுப்புள்ளி. அவளுக்கும் பரிசோதனை செய்ய வேண்டும், முற்றுப்புள்ளி’ என்று படித்துக்கொண்டே போனேன். அவர் விரல் நின்றது. “விட்டுட்டானா பாவி” என்று அச்சுக் கோப்பவரைத் திட்டியபடி ஓரத்தில் எழுதிக்கொண்டார். அடுத்த பத்திக்குப் போனோம்.

இதை இவ்வளவு தெளிவாக எழுதுகிறேனே, அப்போது எனக்கு இத்தெளிவு இல்லை. அந்த வரிகளைத் தாளில் கருப்பு மையில் பார்த்ததாகவே நினைவு. வீட்டுக்குப் போகும் வழியில்தான் கால் நின்றது. பார்த்தேனா? சொன்னேனா? மறுநாள் பார்த்துவிடலாம் என்று வந்தால், மூலப்படி துறைக்குத் திரும்பிப் போய்விட்டது. பெரியவரிடம் வாய்திறக்கவும் முடியவில்லை. நூல் அச்சாகி, கட்டுக்கட்டாய் வண்டி ஏறியது. நான் ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று எழுதத்தான் வருகிறது. ஆனால் உண்மையில், வண்டி தெரு முனையில் திரும்பும்போது, என் கால்கள் நடனமாடத் துடித்தன. ஏன் என்று கேட்காதே.

ஐயம் தீர வழி தானே தேடிக்கொண்டு வந்தது. சுகாதாரத் துறை அதிகாரி ஒருவர் மூலப்படியையும் நூலையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றார். “இந்த ரெண்டு வரி எங்க மூலத்துல இல்லையே. யார் சேர்த்தது?” என்று முதலாளியைப் பிடித்துக்கொண்டார். தாளை விரித்துக் காட்டினார். இல்லை, தங்கையே. அன்போடு பேண வேண்டும் என்பதோடு மனைவி முடிந்துவிட்டாள். அதற்குக் கீழே வெறும் வெள்ளைத் தாள். நான் பார்த்த கருப்பு மை எங்கே போயிற்று?

முதலாளி என்னை முறைத்தார். நான் வாயெடுப்பதற்குள் பெரியவர் எழுந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். “சார், ஒரே ஒரு சந்தேகம். அந்த வரி தப்பா?” என்றார்.

“மூலத்துல இல்லைங்கறேன்!”

“அது சரி சார். தப்பா, இல்லையா? தப்புன்னா சொல்லுங்க, அடிச்சுட்டு மறுபடி போட்டுத் தர்றோம்.”

அதிகாரி மூலப்படியைச் சுருட்டிக்கொண்டார். “எனக்கு எப்படித் தெரியும்? மேல கேட்கணும்” என்றார். “கேட்டுட்டு வாங்க சார், கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுக் காத்திருக்கோம்” என்றார் பெரியவர். போன அதிகாரி திரும்பவில்லை. மேலே இருப்பவர்களுக்கும் மேலே யாரையோ கேட்க வேண்டியிருந்தது போலும். தவறு என்று எழுதிக் கையொப்பமிட அந்தப் பெரிய துறையில் ஒருவருக்கும் துணிவு வரவில்லை. சரி என்று எழுதவும் வரவில்லை. வரி நூலில் நிற்கிறது.

பெரியவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அன்று முதல் நான் படிக்கும்போது, விரலைத் தாளில் வைத்துக்கொண்டு என் முகத்தையும் பார்க்கிறார். என் தொண்டை கட்டும்போது, “நிறுத்தும்மா, தண்ணி குடி. எழுத்து எங்கேயும் ஓடிடாது” என்கிறார்.

இப்போது சொல். நான் சேர்த்தது மெய்யா, பொய்யா? மருத்துவர் இருவர் இல்லை என்றதை, ஏதும் அறியாத நான் உண்டு என்று ஊருக்கெல்லாம் அறிவித்துவிட்டேன். என் வரி பொய்யானால், எத்தனை பெண்களை வீணாய் அச்சுறுத்திவிட்டேன்! மெய்யானால்? பொய்யாகவே இருக்கட்டும் என்று வேண்டுவதா, மெய்யாகட்டும் என்று வேண்டுவதா? எதை வேண்டினாலும் இன்னொரு பக்கம் இடிக்கிறது. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

பொடிசுக்குச் சளி பிடித்தது, விட்டுவிட்டது என்று எழுதியிருக்கிறாய். முழுவதும் விட்டதா? இருமல் உண்டா? நாக்கை நீட்டச் சொல்லிப் பார். விளையாட்டுப் போலப் பார். அவள் அஞ்சிவிடக் கூடாது. சிவந்திருந்தால் எனக்கு உடனே எழுது. சிவந்துதான் இருக்கும்.

மாறா அன்புடன்,
அக்கா

⁂

என் அன்புத் தங்கைக்கு, வாழ்க.

நாக்கு சிவந்திருக்கிறது என்ற உன் அஞ்சலட்டை வந்தது. ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். இனி நான் எழுதப் போவதை உட்கார்ந்து படி. பொடிசு பக்கத்தில் இருந்தால் வேறு அறைக்குப் போய்ப் படி.

களிம்பு வாங்குவதற்காகத்தான் மீண்டும் அந்தப் பெண் மருத்துவரிடம் போனேன். நடைபாதை இருக்கைகளில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். சிலர் கையில் நம் நூல். மடக்கி, சுருட்டி, கைக்குட்டைக்குள் மறைத்து, எப்படியோ கொண்டுவந்திருந்தார்கள். என் பக்கத்தில் இருந்தவளிடம் உதவியாளர் வந்து, யாருக்காக வந்தீங்க என்று வழக்கம்போல் கேட்டார். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு நூலைத் திறந்து அந்த வரியின்மேல் விரலை வைத்து நீட்டினாள். நான் கூசிச் சுவரைப் பார்த்துக்கொண்டேன். என் வாயிலிருந்து போனது, இன்னொருத்தியின் விரல் நுனியில் வந்து நிற்கிறதே!

உள்ளே போனால், மருத்துவரின் மேசைமேலும் அதே நூல். அவர் என்னைப் பார்த்ததும் பக்கத்தைப் பிரித்து என் பக்கம் திருப்பினார். “இங்க பாருங்கம்மா. மனைவிக்கும் வரும்னு கவர்ன்மெண்ட்டே போட்டிருக்கு. உங்க வீட்டுக்காரருக்கு இருந்திருக்கு. இதை நீங்க முதல்லயே சொல்லியிருக்கணும் இல்லையா? ஏன் சொல்லலை?” என்று என்னைக் கடிந்துகொண்டார்.

தங்கையே, நான் என்ன சொல்வேன்! அது என் வரி, நீங்கள் என்னை நம்பவில்லை, என் வரியை நம்புகிறீர்கள் என்று அந்த அறை அதிர முழங்கியிருக்க வேண்டாமா? நாளெல்லாம் பிறர் எழுத்தை உரக்கப் படித்த இந்தத் தொண்டை, தனக்காக ஒரு வாக்கியம் பேச எழவில்லை. தெரியவில்லைங்க என்றேன். “இனிமே படிச்சவங்க சொல்றதைக் கவனமாக் கேளுங்க” என்றார். தலையாட்டினேன், முற்றுப்புள்ளியைப் போல. நினைத்துப் பார்த்தால் இப்போது சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்ததும் எதற்குச் சிரித்தேன் என்று மறந்துவிடுகிறது.

குருதி எடுத்தார்கள். முடிவு வாங்கப் போன அன்று, மருத்துவர் பேசுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. எப்போதும் வெறுங்கையால் என் தோளைத் தட்டி உட்கார வைக்கும் செவிலி, அன்று கையுறை போட்டுக்கொண்டு நாற்காலியைக் காட்டினாள்.

இருக்கிறதாம்.

என் வரி மெய்யாகிவிட்டது. உடம்பு பொய் சொல்லவில்லை; நான் ஊரை ஏமாற்றவில்லை; அந்த நடைபாதையில் இருந்தவர்களை வீணாய் அச்சுறுத்தவில்லை. அந்த நொடியில் என் நெஞ்சை நிறைத்தது, நீ நம்பமாட்டாய், ஒரு நிம்மதி. அதன் பின்னால்தான் மற்றது வந்தது. இரண்டும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு நிற்கின்றன. எதை முதலில் உள்ளே விடுவது என்று இன்றுவரை தெரியவில்லை. மருந்து என்ன என்று கேட்டேன். நாக்குக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று கொடுத்திருக்கிறார். நோய்க்கு என்ன என்று கேட்டேன். “மேல கேட்டிருக்கோம்” என்றார். அந்த மேலே என்பது எங்கே இருக்கிறதோ!

பெரியவரிடம் சொல்லிவிட்டேன். அவர் தன் குவளையிலிருந்த தேநீரில் பாதியை என் குவளையில் ஊற்றிவிட்டு, “படிம்மா” என்றார். குரல் இருக்கும்வரை படிப்பேன்.

இனி, இந்த மடலை நான் எழுதத் தொடங்கியதன் காரணத்துக்கு வருகிறேன். மூன்று பக்கம் சுற்றிவிட்டேன், பொறுத்துக்கொள்.

பொடிசுக்கும் குருதிப் பரிசோதனை செய்ய வேண்டும். அவள் கன்னம் உப்பியிருக்கிறது; நாக்கு சிவந்திருக்கிறது; ஒன்றும் இராது என்றுதான் மருத்துவரும் நினைக்கிறார். ஆனாலும் பார்த்துவிட வேண்டும். நினைப்பதற்கும் பார்ப்பதற்கும் இடையில்தான் என் காலமெல்லாம் போயிற்று. அவளை எந்த வாசலிலும் காத்திருக்க விடாதே. இந்தக் கட்டடம், அந்தக் கட்டடம் என்று யாராவது தொடங்கினால், நகராதே. இத்துடன் அந்த நூலின் படி ஒன்று வைத்திருக்கிறேன். வரியைக் காட்டு, எழுதியது யார் என்று சொல்லாதே.

முடிவு எதுவாக இருந்தாலும் அவள் தட்டைப் பிரித்து வைக்காதே. உன் கணவர் மடியிலிருந்து அவளை இறக்காதே. தொட்டால், கூட உண்டால், முத்தமிட்டால் இந்நோய் வராது என்று அதே நூலில் இருக்கிறது. அது மூலப்படியிலேயே இருந்த வரிதான். நான் சேர்த்தது அல்ல. ஐயமிருந்தால் முற்றுப்புள்ளியைக் கேள்.

ஊசி போடும்போது அவள் வீறிட்டு அழுவாள். இடது கையை நீட்டச் சொல். வலது கையால் உன் காதுமடலைப் பிடித்துக்கொள்ளட்டும். காதைப் பிடித்துக்கொண்டால் அடங்கிவிடுவாள். என் காதைப் பிடித்துத்தான் பழக்கம். உன் காதும் அதே வார்ப்புத்தான்.

நீ நெடிது வாழ வேண்டும். உன் கணவர் நலமாய் இருக்க வேண்டும். உன் வீடு சிரிப்பால் நிறைய வேண்டும். மூக்குக்கண்ணாடிகள் நாள்தோறும் தொலைய வேண்டும். என் வாழ்த்து பலிக்குமோ என்னவோ, ஆனால் நான் சொல்வது இப்போதெல்லாம் அச்சேறிவிடுகிறது.

வாசலில் உன்னிடமும் கேட்பார்கள், யாருக்காக வந்தீர்கள் என்று. அக்கா மகளுக்காக என்று சொல்லிவிடாதே. அக்கா எங்கே என்பார்கள். குழந்தை உன் முகத்தை அண்ணாந்து பார்ப்பாள். என் மகளுக்காக என்று சொல். தயங்காமல், எல்லாருக்கும் கேட்கும்படி, அவள் காதிலும் விழும்படி சொல்.

உள்ளே போகும்போது அவள் உன் கையைப் பிடித்துக்கொண்டு உன்னை எப்படிக் கூப்பிட்டாலும், இனித் திருத்தாதே.

உன்
அக்கா